இ4-க்கு டி6: செஸ் கேள்வி – பதில்

வெள்ளை ராஜாவின் முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி ஆட்டத்தைத் தொடங்குகிறது. கறுப்பு 1...டி6 என்றோ 1...ஜி6 என்றோ நிதானமாகப் பதில் சொல்கிறது. முதலாவது பிர்க் என்ற ஓப்பனிங் (தொடக்க ஆட்டமுறை), இரண்டாவது அதன் பங்காளியான மாடர்ன். இந்த இதழில் இவை பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறோம்.

குறிமுறை: வெள்ளை பக்கமிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச்; கீழிருந்து மேலாக 1 முதல் 8. காயின் பெயர் இல்லாமல் கட்டம் மட்டும் இருந்தால் அது சிப்பாய் நகர்த்தல். × என்றால் வெட்டு. எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி இருந்தால் அது கறுப்பின் முறை. கையில் ஒரு பலகை வைத்துக்கொண்டு படியுங்கள்.

கே: 1...இ5 ஆடினால் ஸ்பானிஷ், இத்தாலியன், ஸ்காட்ச் ஓப்பனிங்குகள் எல்லாம் படிக்க வேண்டும். 1...சி5 என்ற சிசிலியனோ ஒரு கடல். பிர்க் என்றால் வெள்ளை எது ஆடினாலும் ஒரே அடுக்குதான், படிப்பே வேண்டாம் என்கிறார்கள். உண்மையா? (சேலம்)

ப: பாதி உண்மை. 1.இ4 டி6 2.டி4 குதிரை எஃப்6 3.குதிரை சி3 ஜி6, பிறகு பிஷப் ஜி7, காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே முறையில் நகர்த்தி ராஜாவைப் பாதுகாப்பது) என்று ஐந்து நகர்த்தல்கள் பெரும்பாலும் மாறாது. அதனால்தான் 'படிப்பே வேண்டாம்' என்ற பேச்சு வருகிறது. ஆனால் அந்த ஐந்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஆடுபவர்தான் இதில் அதிகம் அடிவாங்குகிறார்.

இந்த ஓப்பனிங்கின் நெகிழ்வு எங்கே இருக்கிறது என்றால், மையத்தை எந்தச் சிப்பாயால் தாக்குவது என்ற முடிவைத் தள்ளிப்போடுவதில். வெள்ளை தன் அமைப்பைக் காட்டிய பிறகு கறுப்பை ஆடும் நாம் தேர்ந்தெடுக்கிறோம். வெள்ளை குதிரை எஃப்3, பிஷப் இ2 என்று அமைதியாக ஆடினால் நம் அடி இ5. எஃப்4 தள்ளி மூன்று சிப்பாய்களை வரிசையாக நிறுத்தினால் சி5. பிஷப் இ3, ராணி டி2 என்று நம் ராஜா பக்கம் குறிவைத்தால் சி6, பி5 என்று எதிர்ப்பக்கம் போகிறோம். இந்த மூன்றும் மனதில் பதிந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி நேரம் தவறாமை. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது இங்கே ஏறக்குறைய ஒன்பதாம் நகர்த்தல் வரைதான் செல்லும். அதற்குள் இ5, சி5, பி5 மூன்றில் ஒன்றாவது பலகையில் விழாவிட்டால், வெள்ளை டி4, இ4 சிப்பாய்களின் பின்னால் எல்லாக் காய்களையும் அடுக்கிக்கொண்டு விரும்பிய நேரத்தில் இ5 தள்ளும். நம் காய்களோ ஒன்றின் காலை ஒன்று மிதித்துக்கொண்டிருக்கும்.

கே: 1...டி6 முதலா, 1...ஜி6 முதலா? இரண்டும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தானே வருகின்றன? (மதுரை)

ப: வராமலும் போகலாம். 1...டி6 2.டி4 குதிரை எஃப்6 என்றால் இ4 சிப்பாய் உடனே தாக்கப்படுகிறது. வெள்ளை அதைக் காக்கப் பெரும்பாலும் குதிரையை சி3-க்குக் கொண்டுவருகிறது. குதிரை அங்கே உட்கார்ந்ததும் பின்னால் இருக்கும் சி சிப்பாய்க்கு வழி அடைபடுகிறது. நமக்கு வேண்டியது அதுதான்.

1...ஜி6 2.டி4 பிஷப் ஜி7 என்று ஆடினால் இ4 மேல் தாக்குதல் இல்லை. வெள்ளை 3.சி4 தள்ளி இன்னொரு சிப்பாயை மையத்துக்குக் கொண்டுவரலாம். கிங்ஸ் இந்தியன் ஓப்பனிங் தெரிந்தவருக்கு அது பழகிய வீடு. தெரியாதவருக்கு இருட்டறை. மாறாக, குதிரையை எஃப்6-க்கு இன்னும் கொண்டுவராததால் இ5 என்று தள்ளி அதை விரட்டும் வாய்ப்பு வெள்ளைக்கு இல்லை. ஏ6, பி5 என்று ராணிப் பக்கம் முதலில் நகரவும் நேரம் கிடைக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு 1...டி6 தான் எங்கள் பரிந்துரை.

கே: மாடர்ன் ஆடி ஏழே நகர்த்தலில் மேட் வாங்கினேன். 1.இ4 ஜி6 2.டி4 பிஷப் ஜி7 3.குதிரை எஃப்3 டி6 4.பிஷப் சி4 குதிரை டி7. எங்கே தப்பு? (கோவை)

ப: நான்காவது நகர்த்தலில். டி7-ல் குதிரை வந்ததும் சி8 பிஷப்பின் வழி அடைபட்டு இ6 கட்டம் காவலற்றுப் போகிறது. 5.பிஷப்×எஃப்7 செக், ராஜா×எஃப்7 6.குதிரை ஜி5 செக். இப்போது ராஜா இ8-க்குப் போனால் 7.குதிரை இ6: ராணியைச் சுற்றி நம் காய்களே நிற்பதால் அது ஓர் அடி நகர முடியாது. எஃப்8-க்குப் போனாலும் இ6 குதிரை செக் சொல்லி ராணியை எடுக்கும். எஃப்6-க்கு வந்தால் உங்களுக்கு நடந்ததுதான், 7.ராணி எஃப்3 மேட்.

நான்காவது நகர்த்தலில் குதிரை எஃப்6 அல்லது இ6 ஆடுங்கள். பிஷப் சி4-ல் இருக்கும்வரை டி7-ல் குதிரை வைக்குமுன் எஃப்7-ஐயும் இ6-ஐயும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கே: பள்ளி மாணவன். பிர்க்கில் காஸ்லிங் முடித்ததும் எதிராளி பிஷப் இ3, ராணி டி2, பிஷப் எச்6, எச்4, எச்5 என்று வரிசையாக ஆடி மேட் செய்துவிடுகிறார். எல்லோரும் இதையேதான் செய்கிறார்கள். (திருச்சி)

ப: செய்யத்தான் செய்வார்கள். இதற்கு '150 தாக்குதல்' என்றே பெயர். பிரிட்டனின் பழைய தரப்புள்ளி முறையில் 150 வாங்கும் சாதாரண கிளப் ஆட்டக்காரர்கூட யோசிக்காமல் ஆடக்கூடியது என்ற கிண்டல் அதில் இருக்கிறது. ஆனால் தாக்குதல் கிண்டலுக்குரியதல்ல.

அது ஏன் வலிக்கிறது என்று பாருங்கள். ஜி6-ல் நம் சிப்பாய் இருப்பதால் வெள்ளையின் எச் சிப்பாய் எச்5 வந்ததும் அதைப் பிடித்து வரிசையைத் திறந்துவிடும். கறுப்புக் கட்டப் பிஷப்கள் வெட்டுப்பட்டபின் எஃப்6, ஜி7, எச்6 மூன்றும் ஓட்டைகள். ராணி எச்6-ல் உட்கார்ந்தால், எச்7-ஐக் காப்பது ராஜாவைத் தவிர எஃப்6 குதிரை ஒன்றுதான். அந்தக் குதிரையை இ5 தள்ளி விரட்டியோ டி5-ல் குதிரை வைத்து வெட்டியோ நீக்கிவிட்டால் ஆட்டம் முடிந்தது.

மருந்து இரண்டு. ஒன்று, பிஷப் இ3 கண்டதும் காஸ்லிங்கை மறந்துவிடுங்கள். ராஜா இல்லாத வீட்டின் மேல் எச் சிப்பாயை அனுப்பி வெள்ளைக்கு என்ன லாபம்? இரண்டு, பிஷப்பை ஜி7-க்குக் கொண்டுபோக அவசரப்படாதீர்கள். 4.பிஷப் இ3 சி6 5.ராணி டி2 பி5. இப்போது வெள்ளை பிஷப் எச்6 ஆடினால், அந்தப் பிஷப் சி1, இ3, எச்6 என்று இரண்டு முறை நகர்ந்திருக்கிறது. நம் பிஷப் எஃப்8-லிருந்து ஒரே தாவலில் அதை வெட்டுகிறது. ஒரு நகர்த்தல் மிச்சம். ஜி7-ல் முன்பே வைத்திருந்தால் அந்த மிச்சம் கிடையாது.

பி5 சும்மா தள்ளியதல்ல. அடுத்து பி4 வந்தால் சி3 குதிரை ஓடவேண்டும், இ4 சிப்பாயின் காவல் குறையும். அதனால்தான் வெள்ளை எஃப்3 அல்லது பிஷப் டி3 ஆடி முன்கூட்டியே முட்டுக்கொடுக்கிறது. நாம் பி8 குதிரையை டி7-க்கும் சி8 பிஷப்பை பி7-க்கும் கொண்டுவந்து, இ5 தள்ளி, ராணியை இ7-ல் வைக்கிறோம். வெள்ளை ராணி எச்6-ல் இருக்கையில் எஃப்8 கட்டம் அதன் பார்வையில் இருப்பதால் ராஜா பக்கம் காஸ்லிங் விதிப்படியே முடியாது. கவலை வேண்டாம், நாம் போகவிருந்தது எதிர்ப்பக்கம்தான்.

1999-ல் நெதர்லாந்தின் விக் ஆன் ஸீயில் கிராண்ட்மாஸ்டர் காஸ்பரோவுக்கு எதிராக இன்னொரு கிராண்ட்மாஸ்டர் டோபலோவ் ஏறக்குறைய இதே திட்டத்தைத்தான் ஆடினார்: சி6, பி5, இ5, ராணி இ7, ராணிப் பக்கக் காஸ்லிங். 44 நகர்த்தலில் தோற்றார். ஆனால் பழி ஓப்பனிங் மேல் இல்லை. 24-ம் நகர்த்தலில் காஸ்பரோவ் யானையால் டி4 சிப்பாயை வெட்டினார். டோபலோவ் அந்த யானையைச் சி சிப்பாயால் எடுத்தார். எடுக்காமல் ராஜாவை ஏ7-லிருந்து பி6-க்கு நகர்த்தியிருந்தால் கறுப்புக்குக் குறையொன்றும் இல்லை. தப்பித்திருந்தால் உலகம் அந்த ஆட்டத்தை இவ்வளவு கொண்டாடியிருக்காது என்பது வேறு விஷயம்.

கே: வெள்ளை 4.எஃப்4 தள்ளினால் கை நடுங்குகிறது. மூன்று சிப்பாய்கள் சுவர் மாதிரி வருகின்றன. (புதுச்சேரி)

ப: நடுங்குவதில் நியாயம் உண்டு. ஆஸ்திரியன் தாக்குதல் எனப்படும் இதுதான் பிர்க்கின் கடினமான தேர்வு. மற்றவற்றை மேலோட்டமாகப் படித்தாலும் இதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

4...பிஷப் ஜி7 5.குதிரை எஃப்3 வரை ஒரே பாதை. இங்கே ...இ5 நினைக்காதீர்கள். எஃப்4 சிப்பாய் அந்தக் கட்டத்தைக் காக்கிறது, வெட்டுப்பட்டால் எஃப் வரிசை வெள்ளையின் யானைக்குத் திறக்கிறது. சுவரை அடிவாரத்தில் இடிக்க வேண்டும், அது டி4. ஆக 5...சி5.

6.டி×சி5 என்று வெட்டினால் பதிலுக்கு வெட்ட அவசரம் வேண்டாம். 6...ராணி ஏ5. சி3 குதிரை இப்போது ராஜாவின் முன்னால் கட்டுண்டு கிடப்பதால் ...குதிரை×இ4 என்ற மிரட்டல் இருக்கிறது. 7.பிஷப் டி3 ராணி×சி5. சிப்பாய் திரும்பிவிட்டது. அதோடு சி5 ராணி ஜி1 கட்டத்தைக் குறுக்காகப் பார்ப்பதால் வெள்ளை உடனே காஸ்லிங் செய்ய முடியாது. முதலில் ராணி இ2, பிஷப் இ3 ஆட வேண்டும். 1972-ல் ரெய்க்யவிக் உலகப் பட்டப் போட்டியின் 17-ம் ஆட்டத்தில் ஸ்பாஸ்கியை எதிர்த்து ஃபிஷர் ஆடியது இதுதான். முடிவு டிரா.

கூர்மையான கிளை 6.பிஷப் பி5 செக். 6...பிஷப் டி7 7.இ5 குதிரை ஜி4 8.இ6. பார்க்கப் பயங்கரமாக இருக்கும். 8...எஃப்×இ6 9.குதிரை ஜி5 பிஷப்×பி5 10.குதிரை×இ6. ராணி தாக்கப்படுகிறது. பதற்றத்தில் ராணியை நகர்த்தாதீர்கள். 10...பிஷப்×டி4! 11.குதிரை×டி8 பிஷப் எஃப்2 செக். இந்த நிலையை நிறுத்திப் பாருங்கள். எஃப்2 பிஷப்பை ஜி4 குதிரை காக்கிறது. பி5 பிஷப் இ2-ஐயும் எஃப்1-ஐயும் அடைத்திருக்கிறது. ராஜாவுக்கு டி2 ஒன்றுதான். 12...பிஷப் இ3 செக், அதையும் குதிரை காக்கிறது. டி3 போக முடியாது, ராஜா இ1-க்கே திரும்ப வேண்டும். மறுபடி எஃப்2 செக். ராணி இல்லாமலே தொடர் செக்கில் டிரா. வெள்ளை வேறு விதமாக விலகலாம், ஆனால் இந்தப் படத்தை மனதில் வைத்திருப்பவர் 10-ம் நகர்த்தலில் குழம்பமாட்டார்.

இவ்வளவு கத்தி விளையாட்டு வேண்டாம் என்றால் 5-ல் காஸ்லிங் செய்து, 6.பிஷப் டி3-க்கு குதிரை ஏ6 ஆடுங்கள். அடுத்து ...சி5 வரும். வெள்ளை ஏ6 குதிரையை வெட்டினால் நம் பி சிப்பாய் ஏ6-க்குப் போகிறது, சிப்பாய் அமைப்பு கெடும். பதிலுக்கு பி வரிசையும் பிஷப் ஜோடியும் கிடைக்கும்.

கே: 4.பிஷப் சி4-க்கு என்ன செய்வது? இ4 சிப்பாயைக் குதிரையால் வெட்டி, பிறகு டி5 தள்ளும் உத்தி இதில் செல்லுமா? (யாழ்ப்பாணம்)

ப: செல்லும், காஸ்லிங் முடிந்திருந்தால். 4...பிஷப் ஜி7 5.குதிரை எஃப்3 வந்தவுடனே குதிரை×இ4 ஆடினால் 6.பிஷப்×எஃப்7 செக், ராஜா×எஃப்7 7.குதிரை×இ4. சிப்பாய்க் கணக்கு சரிதான், ஆனால் நம் ராஜா நடுத்தெருவில்.

அதற்குப் பதில் 5...காஸ்லிங். வெள்ளையும் கவனிக்காமல் 6.காஸ்லிங் ஆடினால் இப்போது 6...குதிரை×இ4! 7.குதிரை×இ4 டி5 8.பிஷப் டி3 டி×இ4 9.பிஷப்×இ4. வெள்ளையின் மையச் சிப்பாய் ஒன்று காணாமல்போய்விட்டது, டி4 மேல் நம் ஜி7 பிஷப்பின் கண். 7.பிஷப்×எஃப்7 செக் என்றால் இம்முறை யானை வெட்டும். 8.குதிரை×இ4 எச்6. ஜி5-க்குக் குதிரை வரமுடியாது, நம்மிடம் இரண்டு பிஷப்கள்.

விவரம் தெரிந்தவர் இதைத் தவிர்க்க ராணி இ2 ஆடுவார். அது இ4-ஐக் காப்பதோடு இ5 தள்ளவும் தயாராகிறது. குறிப்பாக 5.ராணி இ2 என்று முன்னதாகவே வந்தால் 5...சி6 பாதுகாப்பான பதில். 6.இ5 டி×இ5 7.டி×இ5 குதிரை டி5 என்று குதிரைக்கு நல்ல கட்டம் கிடைக்கும்.

கே: 3...ஜி6-க்குப் பதில் 3...இ5 ஆடலாம் என்கிறார்கள். ராணி வெட்டுப்பட்டு ராஜா டி8-க்கு வந்து காஸ்லிங் உரிமை போய்விடுமே? (ஈரோடு)

ப: போகட்டும். 4.டி×இ5 டி×இ5 5.ராணி×டி8 செக், ராஜா×டி8. ராணிகள் இல்லாத பலகையில் மையத்தில் நிற்கும் ராஜா பெரும்பாலும் பலவீனமல்ல, இறுதியாட்டத்துக்கு முன்கூட்டியே வந்த விருந்தாளி. 6.பிஷப் சி4 ஆடி எஃப்7-ஐக் குறிவைப்பார்கள். 6...பிஷப் இ6! 7.பிஷப்×இ6 எஃப்×இ6. இரட்டைச் சிப்பாய் அசிங்கமாகத் தெரிந்தாலும் இ6 சிப்பாய் டி5, எஃப்5-ஐயும், இ5 சிப்பாய் டி4, எஃப்4-ஐயும் காக்கின்றன. வெள்ளைக் குதிரைகளுக்கு மையத்தில் உட்கார ஒரு நாற்காலி இல்லை. பிறகு சி6, ராஜா சி7. ஆறாவது நகர்த்தலில் எஃப்7-ஐ மறந்துவிட்டால் மட்டும் ஒரு சிப்பாய் தண்டம்.

வெள்ளை வெட்டாமல் 4.குதிரை எஃப்3 ஆடினால் 4...குதிரை பிடி7. பி8 குதிரைதான் டி7-க்குப் போகவேண்டும் என்பதற்காக 'பிடி7' என்று எழுதுகிறோம். அது பிலிடோர் தற்காப்புக்குள் போகிறது, தனியே படிக்க வேண்டியது.

கே: 4.குதிரை எஃப்3, 5.பிஷப் இ2, 6.காஸ்லிங் என்று வெள்ளை அமைதியாக ஆடுகிறது. எனக்கு என்ன செய்வதென்றே தெரிவதில்லை. (கும்பகோணம்)

ப: டி4 என்ற ஒரே கட்டத்தைக் குறிவையுங்கள். 6...பிஷப் ஜி4 டி4-ஐக் காக்கும் குதிரையைக் கட்டிப்போடுகிறது. 7.பிஷப் இ3 குதிரை சி6 8.ராணி டி2 இ5. பாருங்கள், சி6 குதிரை, இ5 சிப்பாய் இரண்டும் டி4 மேல் நேராகப் பாய்கின்றன, பின்னால் ஜி7 பிஷப் காத்திருக்கிறது. வெள்ளை முடிவெடுத்தாக வேண்டும். 9.டி×இ5 டி×இ5 என்றால் சமநிலை. ...ராணி சி8, ...யானை டி8 என்று டி வரிசையில் எதிர்த்து நில்லுங்கள்.

9.டி5 தள்ளினால் 9...குதிரை இ7. மையம் பூட்டியாயிற்று, இனி நம் வேலை ராஜா பக்கம், எஃப்5. 10.யானை ஏடி1 வந்தால் ஜி4 பிஷப்பை டி7-க்குப் பின்வாங்குங்கள். பலரும் இங்கே அதைக் குதிரைக்கு விற்றுவிடுகிறார்கள். எஃப்5 தள்ளும்போது வெள்ளைக் கட்டங்களில் உதவி அந்தப் பிஷப்தான். 11.குதிரை இ1 என்றால் 11...குதிரை ஜி4 என்று இ3 பிஷப்பை விரட்டலாம்.

கே: ஹிப்போ என்றொரு அமைப்பு இதில் இருக்கிறதாமே? (சிங்கப்பூர்)

ப: இருக்கிறது. சிப்பாய்கள் ஏ6, பி6, டி6, இ6, ஜி6, எச்6. பிஷப்கள் பி7, ஜி7. குதிரைகள் டி7, இ7. மொத்தம் பத்து நகர்த்தல்கள், கறுப்பின் பக்கமிருந்து எண்ணினால் ஒரு காயும் மூன்றாம் வரிசையைத் தாண்டாது. நீர்யானை மாதிரி மூக்கை மட்டும் வெளியே காட்டிக்கொண்டு கிடக்கும். 1966 உலகப் பட்டப் போட்டியில் பெட்ரோசியனுக்கு எதிராக ஸ்பாஸ்கியே இதை ஆடியிருக்கிறார் என்பதால் வேடிக்கை என்று ஒதுக்கமுடியாது.

இரண்டு எச்சரிக்கை. அமைப்பு முடியுமுன் காஸ்லிங் வேண்டாம்: எச்6 சிப்பாய் இருக்கையில் ராஜா பக்கம் போனால் ராணி டி2, பிஷப்×எச்6 என்ற தியாகம் வரும். வெள்ளை டி5 அல்லது இ5 தள்ளும் அந்த நொடியில் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும், பத்து நகர்த்தலையும் முடித்துவிட்டுத்தான் யோசிப்பேன் என்று இருந்தால் பலகை இடிந்து விழும். முதல் ஆறு மாதம் இதை ஆடாதீர்கள் என்பது எங்கள் கருத்து.

கே: 'பிர்க்' சரியா, 'பிர்ட்ஸ்' சரியா? உலகப் பட்டத்தை முடிவுசெய்த ஆட்டத்தில் யாராவது இதை ஆடியிருக்கிறார்களா? (சென்னை)

ப: ஸ்லோவேனிய கிராண்ட்மாஸ்டர் வாஸ்யா பிர்ட்ஸ் (1907–1980) பெயரால் வந்தது. உச்சரிப்பு பிர்ட்ஸ்தான், நம் வாயில் பிர்க் நிலைத்துவிட்டது. 1978-ல் பிலிப்பைன்ஸின் பாகியோவில் கார்ப்போவும் கோர்ச்னாயும் ஆளுக்கு ஐந்து வெற்றியுடன் நின்றபோது, 32-ம் ஆட்டத்தில் கோர்ச்னாய் பிர்க் ஆடினார். கார்ப்போவ் வென்று பட்டத்தைத் தக்கவைத்தார்.

கே: வெள்ளை டி4 ஆடாமலே 2.எஃப்4 என்று வந்தால்? (திண்டுக்கல்)

ப: எஃப்4 கண்டால் சி5, இங்கேயும் அதேதான். 2...சி5 3.குதிரை எஃப்3 குதிரை சி6, பிறகு ஜி6, பிஷப் ஜி7. ஆட்டம் சிசிலியனுக்குள் போய்விடும். டி4 கட்டம் உங்கள் பிடியில் இருக்கும்.